கோபுரம் கழற்றிய டாங்கியும் தோட்டத்து மண் சடக்கும்

கிம்மாஸ் முகாமில் மலேசிய இராணுவத்தின் பெண்டேகார் டாங்கிகள் இருக்கின்றன. போலந்துத் தயாரிப்பு, மொத்தம் வாங்கியது 48. இவற்றைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ஒரு யோசனையும் கூடவே வரும்: "பழசானால் என்ன? பீரங்கிக் கோபுரத்தைக் கழற்றிவிட்டு உள்ளே சிப்பாய்களை ஏற்றினால் கவச வண்டி தயார். செலவும் மிச்சம். உலகப் போரில் இதைத்தானே செய்தார்கள்? கம்யூனிஸ்டு காலத்தில் நெகிரி செம்பிலான் தோட்டங்களைக் காப்பாற்றியதும் அந்த இரும்புதானே?"

போரில் செய்தார்கள் என்பது உண்மை. செய்தவர்கள் கனடாக்காரர்கள், இடம் நார்மண்டி, 1944 ஆகஸ்டு. தளபதி கை சைமண்ட்ஸ் எழுபதுக்கு மேற்பட்ட 'பிரீஸ்ட்' வண்டிகளிலிருந்து பீரங்கியைப் பிடுங்கச் சொன்னார். அவை முழு டாங்கிகள்கூட அல்ல. டாங்கியின் அடிச்சட்டத்தில் பீரங்கி ஏற்றியவை. பட்டறை ஆட்கள் இரவு பகலாக வேலை செய்து, திறந்த வாயை இரும்புத் தகட்டால் அடைத்தார்கள். 'கங்காரு' என்று பெயர் வந்தது. ஆகஸ்டு 7 இரவு அவற்றில் போன காலாட்படையினர், நடந்து போனவர்களைவிட மிகக் குறைவாகவே மாண்டார்கள். ஆனால் அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை வயல். கொன்றது பீரங்கிக் குண்டுச் சிதறலும் இயந்திரத் துப்பாக்கியும். போகவேண்டியது சில கிலோமீட்டர். வண்டிகளும் சும்மா கிடைத்தவை. பின்னால் சேர்ந்த கனடாவின் 'ராம்' டாங்கிகளும் அப்படித்தான்: போருக்கு ஷெர்மனைத் தேர்ந்துகொண்டதால் இங்கிலாந்தில் மிஞ்சிக் கிடந்தவை.

செலவு மிச்சம் என்பவர்கள் இஸ்ரேலின் 'அக்சரித்'தைப் பார்க்கட்டும். கைப்பற்றிய டி-55 டாங்கியில் எஞ்சின் பின்னால் இருந்தது. சிப்பாய் இறங்க வழியில்லை. எஞ்சினையே மாற்றி, ஒதுக்கி, பக்கத்தில் ஒரு நடைவழி குடைந்து, பின்பக்கம் கதவு வைத்தார்கள். கூடுதல் கவசமும் சேர்ந்ததில் 36 டன் டாங்கி, கோபுரம் போன பிறகும், 44 டன் ஆனது. ஏறக்கூடிய சிப்பாய்கள் ஏழு பேர். வேலைக்கு ஆகாத வண்டி என்று சொல்லவில்லை. மலிவு என்றால்தான் சிரிப்பு வருகிறது.

இனி நம் தோட்டங்கள். 1948 ஜூனில் கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டத்தால் மலாயாவில் அவசரகாலம் பிறந்தபோது உலகப் போர் முடிந்து மூன்று ஆண்டுகூட நிறையவில்லை. பிரிட்டிஷ் இராணுவத்துக்கு மிச்ச டாங்கிக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் தோட்டத்துச் சாலைகளில் ஓடியவை வேறு: தகடு அடித்த லாரிகள், போரில் மிஞ்சிய ஜி.எம். கவச லாரிகள், உசார் படையினரின் சக்கரக் கவசக் கார்கள். அதுவும் போதாமல், மலாயாவின் தேவைக்காகவே 'சாரசன்' என்ற புதிய வண்டியை வரிசையில் முந்தவிட்டு, 1952 கடைசியில் உற்பத்தி தொடங்கினார்கள். ஆறு சக்கரம், பத்து டன் அளவு, பின்னால் இரட்டைக் கதவு. கையில் பழைய டாங்கி குவிந்திருக்க, காசு கொட்டிப் புதிதாக ஏன் செய்யவேண்டும்?

பகாவ், கோலா பிலா, ஜெலுபு பக்கத்து மண் சடக்குகளை நினைத்துப் பார்த்தால் புரியும். இருபக்கமும் பால்மரம், வளைவுக்கு வளைவு மேடு, ஓடைக்கு மேல் மரப்பாலம். முப்பது டன் சங்கிலிச் சக்கரம் நாலு முறை போய்வந்தால் மழைக்காலத்தில் பால் லாரி அந்த வழி நகராது. பதுங்கித் தாக்குபவன் மேட்டுக்கு மேலே இருக்கிறான். கங்காருவிலிருந்து இறங்க விளிம்பில் ஏறி, அவன் கண்ணெதிரே குதிக்கவேண்டும். சாரசனின் பின்கதவு அதற்குத்தான்.

1942 ஜனவரியில் ஜப்பானியர் டாங்கியோடுதானே வந்தார்கள் என்று கேட்கலாம். வந்தார்கள், சிலிம் ஆற்றில் பிரிட்டிஷ் அணியைச் சிதறடித்தார்கள். அவை ஏழு டன்னிலிருந்து பதினைந்து டன் வரையான சின்ன வண்டிகள், ஓடியதும் தார்ச்சாலையில். அதே மாதம் கிம்மாஸில் ஆஸ்திரேலியரின் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளுக்கு முன்னால் சாலையை விட்டு ஒதுங்க இடமில்லாமல் பல எரிந்தும் போயின.

அந்த இரும்பு தோட்டங்களைக் காப்பாற்றியது என்பதைத்தான் என்னால் துளியும் ஏற்கமுடியவில்லை. யாரைக் காப்பாற்றியது? துரைமார் தங்கள் காருக்குத் தகடு அடித்துக்கொண்டார்கள். விடியுமுன் பிரட்டுக்கு நின்று, வாளியும் கத்தியுமாக நிரைக்குள் தனியே போன பால்வெட்டுப் பெண்ணுக்கு எந்த வண்டியும் வரவில்லை. வந்தாலும் என்ன செய்யும்? வேலை மரத்தடியில். மரத்துக்கு மரம் நடந்தாகவேண்டும். கம்யூனிஸ்டுகள் பட்டையைக் கீறி நாசமாக்கிய மரங்களையும் வண்டிக்குள் ஏற்றமுடியாது. பன்னிரண்டு ஆண்டுகளில் மாண்ட போலீசாரும் சிப்பாய்களும் 1,800-க்கு மேல். பொதுமக்கள் ஏறத்தாழ 2,500, காணாமல் போனவர்கள் இன்னும் 800 சொச்சம்.

காட்டுக்குள் இருந்தவர்களை ஒடுக்கியது 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டமும் அதன் அரிசிக் கட்டுப்பாடும், கூடவே உளவுத் தகவலும். புறம்போக்கில் குடியிருந்த சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர், புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டார்கள். தோட்டத்து லயங்களும் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு முள்கம்பிக்குள் வந்தன. வாசலில் சோதனை, காட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று வெட்டுக்குப் போகிறவர் கையில் சோற்றுப் பொட்டலம்கூடப் பல இடங்களில் தடை. அந்த வெற்றிக்கான செலவில் ஒரு பங்கு, பசியோடு மரம் வெட்டியவர்களின் கணக்கில் ஏறியது. இராணுவத்தின் வண்டிக் கணக்கில் அது வராது.