கூலி பேசுதல்

சந்தையில் கத்தரிக்காய்க்கு இரண்டு ரூபாய் குறைத்துக் கேட்கத் தயங்காத நாம், நேர்முகத் தேர்வில் 'எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?' என்று கேட்கப்பட்டதும் தலைகுனிந்துவிடுகிறோம். 'நீங்களே பார்த்துச் செய்யுங்கள்' என்பதே நமது வழக்கமான விடை. இதை அடக்கம் என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். கூலியைப் பற்றி வாய்திறப்பது மரியாதைக் குறைவு என்று தலைமுறைகளாக நமக்கு ஊட்டப்பட்ட கூச்சம் இது.

இதன் விலை இலக்கிய வாசகர்கள் அறியாததல்ல. புதுமைப்பித்தனின் 'ஒரு நாள் கழிந்தது' கதையில் வரும் முருகதாசர், நாவல் எழுதும் கனவோடு விளம்பரம் எழுதிப் பிழைப்பவர். அவரைப் படித்து நெகிழும் நாம், வறுமையை எழுத்தாளனின் அணிகலனாகவே ஆக்கிவிட்டோம். மெய்ப்புத் திருத்துபவர், மொழிபெயர்ப்பாளர், தனியார் பள்ளித் தமிழாசிரியர் ஆகியோரை, 'ஆர்வத்தினால்தானே செய்கிறீர்கள்' என்ற ஒற்றை வாக்கியம் வாயடைத்துவிடுகிறது. ஆர்வத்தைக் காட்டி மளிகைக் கடையில் அரிசி வாங்க முடியாது.

பேசத் துணிந்தவர்களும் இடறும் இடம் ஒன்றுண்டு: 'சிடிசி' எனப்படும் மொத்தத் தொகை. ஆண்டுக்கு 6 லட்சம் என்றால் மாதம் 50,000 கைக்கு வரும் என்று நம்புகிறோம். நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்புநிதிப் பங்கு, அடிப்படைச் சம்பளத்தில் ஏறத்தாழ 4.81 விழுக்காடு பணிக்கொடை ஒதுக்கீடு, காப்பீட்டுப் பிரீமியம், வந்தால் உண்டு என்ற நிலையிலுள்ள ஊக்கத்தொகை ஆகியவை பெரும்பாலும் அதற்குள்ளேயே அடக்கம். நிரந்தரப் பணியாளர் பணிக்கொடை பெறப் பொதுவாக ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றியிருக்க வேண்டும். இரண்டே ஆண்டில் விலகுபவர் அப்பணத்தைக் கண்ணால் காண்பதில்லை.

அடிப்படைச் சம்பளத்தைச் சுருக்கிப் படிகளைப் பெருக்குவது இன்னொரு வழக்கம். அடிப்படை சுருங்கினால் வைப்புநிதியும் பணிக்கொடையும் சுருங்கும். 2019இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டம், விலக்கப்பட்ட படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் மிகுதியை ஊதியமாகவே கணக்கிடச் சொல்கிறது. ஆகவே, 'மாதம் கைக்கு எவ்வளவு? பிரித்து எழுதிக் காட்டுங்கள்' என்பதே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

அடுத்தது, 'கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு' என்னும் சடங்கு. ஒருமுறை குறைவாகக் கொடுக்கப்பட்டவர் என்றும் குறைவாகவே பெற வேண்டும் என்பதுதான் இதன் உட்பொருள். குழந்தைப்பேற்றுக்குப்பின் வேலைக்குத் திரும்பும் பெண்களுக்கு இது பெருங்கேடு. பழைய சம்பளத்தைக் கேட்டறிவதை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2016இல் சட்டமியற்றித் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 நெறியாணையும் அதைத் தடுப்பதோடு, தொடக்க ஊதியத்தையோ அதன் வரம்பையோ முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்கிறது. செய்யப்போகும் வேலைக்குத்தான் கூலியே தவிர, செய்து முடித்த வேலைக்கு அல்ல.

வேலையே கிடைக்காதவன் பேரம் பேசுவது எங்ஙனம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தனி ஒருவரின் பேரவலிமை சிறிது. எனினும் எழுத்தில் நியமன ஆணை, விடுப்பு, பெற்றோரையும் சேர்த்த மருத்துவக் காப்பீடு, தகுதிகாண் காலத்தின் அளவு ஆகியவற்றைக் கேட்பதற்குப் பெரும்பலம் தேவையில்லை. உடன் பணியாற்றுவோர் தத்தம் சம்பளத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதே பலத்தின் தொடக்கம். சம்பள ரகசியத்தால் ஆதாயம் பெறுபவர் முதலாளி மட்டுமே.

இந்த நியாயத்தை நம் வட்டத்திலிருந்தே தொடங்கலாம் என்பது எமது கருத்து. சிற்றிதழுக்கோ பதிப்பகத்துக்கோ மொழிபெயர்ப்புக் கேட்டு எழுதும் மடலின் முதல் பத்தியிலேயே தொகையும், அது தரப்படும் நாளும் இடம்பெறட்டும். தர இயலாதெனில் அதையும் அங்கேயே எழுதிவிடலாம். ஏற்பதும் மறுப்பதும் உழைப்பவரின் உரிமை.