எல்லோரும் உண்ணும் மேசை

பிறந்தநாள், மணநாள், பிள்ளைகளின் தேர்வு வெற்றி, வீட்டுப் பெரியவரின் பணி ஓய்வு என்று ஏதேனும் ஒரு மகிழ்ச்சியை முன்னிட்டுக் குடும்பத்தோடு வெளியே சென்று உண்பது இன்று நடுத்தர வருவாய்க் குடும்பங்களிலும் வழக்கமாகிவிட்டது. பெருநகரங்களில் சீன, இத்தாலிய உணவுகள் பழகிப்போய்விட்டன. ஸ்பானிய, போர்ச்சுகீசிய உணவகங்களின் பெயர்களும் இப்போது இளையவர்களின் பேச்சில் அடிபடுகின்றன. கோவாவுக்குச் சுற்றுலா செல்லும் குடும்பத்திற்கோ, போர்ச்சுகீசியச் சமையலைச் சுவைப்பதா வேண்டாமா என்ற கேள்வி முதல் நாள் மாலையே எழுந்துவிடுகிறது.

பெரும்பாலும் இத்தேர்வை வீட்டில் மிகுந்த ஆர்வமுள்ள ஒருவரே செய்கிறார். கைப்பேசியில் உணவுகளின் படங்களைப் பார்க்கிறார், மற்றவர்கள் அளித்த நட்சத்திர மதிப்பீட்டைப் பார்க்கிறார், முன்பதிவும் செய்துவிடுகிறார். எல்லோரும் மேசையில் அமர்ந்து உணவுப் பட்டியலைப் பிரித்த பிறகுதான், பாட்டி முட்டைகூடச் சேர்த்துக்கொள்ளாதவர் என்பது நினைவுக்கு வருகிறது. “எனக்கு ஒன்றும் வேண்டாம், நீங்கள் சாப்பிடுங்கள்” என்கிறார் அவர். ஒரு துண்டு ரொட்டியோடும் ஒரு குவளைத் தண்ணீரோடும் அவருடைய விருந்து முடிந்துவிடுகிறது. எட்டாயிரம் ரூபாய் செலவாகிறது. ஆனால் அந்த விருந்தில் ஒருவருக்கு இடமில்லாமற் போனது பில்லில் எந்த வரியிலும் பதிவாவதில்லை.

குடும்ப விருந்துக்கான உணவகத்தை, அந்தக் குடும்பத்தில் மிகக் குறைவான உணவு வகைகளை மட்டுமே உண்ணக்கூடியவரிடமிருந்து தொடங்கித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. வங்கியில் ஒரு சிறு வணிகரின் கடன் விண்ணப்பத்தை ஆராயும்போது, தீபாவளி மாதத்து விற்பனையை மட்டும் வைத்துத் தவணையை நிர்ணயிப்பதில்லை. விற்பனை மந்தமான மாதத்திலும் அவரால் கட்ட முடியுமா என்றே பார்க்கிறோம். விருந்துக்கும் இக்கணக்குப் பொருந்தும். எல்லாவற்றையும் உண்பவருக்கு எந்த உணவகத்திலும் ஏதேனும் கிடைத்துவிடும். சைவ உணவினர், பல் வலுவிழந்த முதியவர், நீரிழிவு உள்ளவர், காரம் தாங்காத குழந்தை ஆகியோருக்கு என்ன கிடைக்கும் என்பதே உண்மையான கேள்வி.

இக்கேள்வியை மனத்தில் கொண்டு முதலில் ஸ்பானிய உணவகத்தைப் பார்ப்போம். பெயரிலேயே ஒரு குழப்பம் உண்டு. டாக்கோ, நாச்சோ முதலியவை மெக்சிகோ நாட்டுச் சமையலைச் சேர்ந்தவை. ஸ்பெயினில் டோர்டியா என்பது முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் செய்யும் தடித்த அடை. மெக்சிகோவில் அதே பெயர் மெல்லிய ரொட்டியைக் குறிக்கும். முட்டை உண்ணாதவர்கள் இவ்வேறுபாட்டை அறிந்திருப்பது நல்லது.

ஸ்பானியச் சமையலில் குடும்பத்திற்கு ஏற்ற சிறப்பு ஒன்று உண்டு. தபாஸ் எனப்படும் சிறு தட்டுகளை வரவழைத்து, நடுவில் வைத்து, எல்லோரும் பகிர்ந்து உண்பது அங்கு மரபு. காரச் சாறு ஊற்றிய பொரித்த உருளைக்கிழங்கு, தக்காளி தேய்த்த ரொட்டி, வாட்டிய சிறு பச்சை மிளகாய் போன்றவை சைவர்களுக்கும் ஏற்றவை. ஆனால் தட்டு சிறிது, விலை சிறிதன்று. ஆறு பேர் அமர்ந்த மேசைக்கு ஒவ்வொரு தட்டாக வரவழைத்துக்கொண்டே போனால், பசி அடங்குவதற்கு முன்பே வரவு செலவுத் திட்டம் அடங்கிவிடும்.

வாலென்சியா வட்டாரத்தின் புகழ்பெற்ற உணவான பாயேயா, அகன்ற தட்டையான வாணலியில் குங்குமப்பூ சேர்த்துச் சமைக்கும் சோறு. வாணலியின் அடியில் முறுகிப் பிடிக்கும் பகுதியை அங்கே தனிச்சுவையாகக் கொண்டாடுகிறார்கள். நம் வீடுகளில் அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டி உண்ணப் பிள்ளைகள் போட்டியிடுவதைக் கண்டவர்களுக்கு இது புரியும். இதில் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, முறையாகச் செய்யும் இடத்தில் இது மேசைக்கு வர அரை மணி நேரத்திற்கு மேலாகும். பசித்த குழந்தையோடு செல்வோர் முன்கூட்டியே சொல்லிவைப்பது நலம். இரண்டாவது, காய்கறிப் பாயேயா என்று பட்டியலில் இருந்தாலும் அரிசியை எந்தச் சாற்றில் வேகவைக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். கோழி அல்லது மீன் எலும்புச் சாற்றில் வேகவைப்பதும் உண்டு.

போர்ச்சுகீசிய உணவகத்திற்கு வருவோம். நமக்கும் போர்ச்சுகலுக்கும் உள்ள தொடர்பு பழையது. கோவா 1510 முதல் 1961 வரை அவர்களின் ஆட்சியில் இருந்தது. தமிழகக் கடற்கரையிலும் அவர்களின் சுவடுகள் உண்டு. சாவி, ஜன்னல், அலமாரி, அன்னாசி ஆகிய சொற்கள் அவர்களின் மொழியிலிருந்து நம் வீடுகளுக்குள் வந்தவை. நாம் அமர்ந்து உண்ணும் மேசையும் அவ்வாறு வந்த சொல்லே. அமெரிக்கக் கண்டத்தின் மிளகாய், முந்திரி, அன்னாசி ஆகியவற்றை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்களே. போர்ச்சுகல் இன்றும் ஐரோப்பாவில் அரிசியை மிகுதியாக உண்ணும் நாடுகளுள் ஒன்று. பூண்டும் கொத்தமல்லித் தழையும் அவர்கள் சமையலில் தாராளம். கடல் உணவு சேர்த்துக் குழைவாகச் செய்யும் அவர்களின் சோறு, பல் வலுவிழந்த அசைவப் பெரியவர்களுக்கும் எளிதாக இறங்கும்.

ஐரோப்பியப் போர்ச்சுகீசியச் சமையலில் சைவருக்குக் கிடைப்பது குறைவு என்பதை மறைக்க வேண்டியதில்லை. உப்பிட்டு உலர்த்திய காட் மீனே அங்கு அரசன். கால்டோ வெர்டே எனும் கீரை, உருளைக்கிழங்குச் சாற்றிலும் பன்றி இறைச்சித் துண்டுகளை மிதக்கவிடுவார்கள். புகழ்பெற்ற இனிப்பான பாஸ்டெல் டி நாட்டா, முட்டை மஞ்சள் கருவால் ஆனது.

இங்குதான் கோவா நமக்குக் கைகொடுக்கிறது. நான்கரை நூற்றாண்டுகளில் போர்ச்சுகீசியச் சமையல் அங்கே தேங்காயையும் புளியையும் கள்ளிலிருந்து எடுத்த வினிகரையும் ஏற்றுக்கொண்டு உருமாறியது. விண்டாலூ என்ற பெயரைக் கேட்டதும் அதில் ‘ஆலூ’ இருப்பதாக எண்ணி உருளைக்கிழங்குக் கறியென்று வரவழைக்கும் சைவக் குடும்பங்கள் உண்டு. அப்பெயர், பூண்டும் திராட்சை மது அல்லது அதன் வினிகரும் சேர்த்து இறைச்சியை ஊறவைக்கும் போர்ச்சுகீசிய முறையைக் குறிக்கும் சொற்களின் திரிபு. மரபாக அது பன்றி இறைச்சியில் செய்யப்படுவது. சோர்போட்டல் என்பதும் பன்றி இறைச்சியும் அதன் ஈரல் முதலிய உறுப்புகளும் சேர்ந்ததே. கத்தோலிக்கச் சமையல் நடைபெறும் பல இடங்களில் மாட்டிறைச்சியும் உண்டு. எனவே எது எந்த இறைச்சி என்று தயங்காமல் கேட்க வேண்டும்.

அதே கோவாவில், வறுத்த தேங்காயும் கசகசாவும் அரைத்துச் செய்யும் ஷாகுட்டி மசாலாவைக் காளானிலும் காய்கறியிலும் செய்துதருகிறார்கள். நம் குருமாவை அறிந்த நாவுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. கோவாவின் இந்து இல்லங்களில் பல காய்களும் பருப்பும் தேங்காயும் சேர்த்துச் செய்யும் கட்கடே, கூட்டை விரும்புவோருக்கு உறவினர் போன்றது. தேங்காய்ப் பாலில் அடுக்கடுக்காகச் செய்யும் பெபிங்காவில் முட்டை உண்டு. பாலேடும் பிஸ்கட் தூளும் அடுக்கிய செர்ராடூரா பொதுவாக முட்டையின்றிச் செய்யப்படுவது, குழந்தைகளுக்கு ஏற்றது.

ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், மூன்று தலைமுறையினர் சேர்ந்து செல்லும் குடும்பத்திற்கு, கோவா வழிவந்த போர்ச்சுகீசியச் சமையலையே நான் பரிந்துரைப்பேன். ஸ்பானியத் தபாஸ், நண்பர்களோடும் வளர்ந்த பிள்ளைகளோடும் செல்லும் மாலைக்குப் பொருத்தமானது.

இனிப் பணத்தின் பக்கம். சாதாரண உணவகங்களில் உணவுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காடு. ஓர் அறையின் ஒருநாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் விடுதிகளின் வளாகத்திலுள்ள உணவகங்களில் அது 18 விழுக்காடு. 8,000 ரூபாய் உணவுக்கு முன்னதில் வரி 400 ரூபாய். பின்னதில் 1,440 ரூபாய். இதன்மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்ந்தால் மேலும் 800 ரூபாய். இந்தச் சேவைக் கட்டணம் அரசின் வரியன்று. உணவகங்கள் அதைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. தில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் அவற்றை உறுதிசெய்தது. சேவை மனத்துக்கு நிறைவளித்தால் விரும்பியதைக் கொடுக்கலாம். கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நீக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.

இப்படிப் பார்த்துப் பார்த்துச் சென்றால் புதியதைச் சுவைக்கும் மகிழ்ச்சி என்னாவது என்று இளையவர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. பாட்டிக்காக எல்லோரும் இட்லி மட்டுமே உண்ண வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவருக்கு வயிறார உண்ண இரண்டு உணவுகள் உறுதியாக உள்ள இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால், மற்றவர்கள் காட் மீனையோ பாயேயாவையோ மனக்குறையின்றிச் சுவைக்கலாம். அவரும் தம் தட்டிலிருந்து தலைநிமிர்ந்து, “அது என்ன, எப்படி இருக்கிறது?” என்று கேட்பார். பசியோடு அமர்ந்திருப்பவர் அப்படிக் கேட்பதில்லை.

இதற்கு வேண்டியது பத்து நிமிட முன்னேற்பாடு. முன்பதிவுக்கு முன் உணவகத்தைத் தொலைபேசியில் அழைத்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: முட்டையும் இறைச்சிச் சாறும் சேராத முழு உணவுகள் எவை? சமைக்க எவ்வளவு நேரமாகும்? வரியும் பிற கட்டணங்களும் எவ்வளவு? கூடுமானால் இரவைத் தவிர்த்து மதிய உணவுக்குச் செல்லுங்கள். முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதுவே உகந்தது. இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, வீட்டில் “எனக்கு எதுவானாலும் சரி” என்று எப்போதும் சொல்பவரிடம் உணவுப் பட்டியலை ஒருமுறை படித்துக் காட்டுங்கள். அவர் எந்தப் பெயரில் சற்று நின்று கேட்கிறாரோ, அந்த உணவகத்தில் இடம் பதிவு செய்யுங்கள்.