சேரிக்கு வழக்கு மட்டும்தானா, மருந்து கிடையாதா?

சேரி இளைஞன் ஒருவன் வலி மாத்திரைக்கு அடிமையாகிவிட்டால் முதலில் வருவது காவல்துறை. அடுத்தது, கடன் வாங்கிப் பணம் கட்டிச் சேர்க்கும் தனியார் மறுவாழ்வு இல்லம். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அதே பழக்கம் வந்தால் மனநல மருத்துவர் இருக்கிறார். நோய் ஒன்றுதான், ஊருக்கு ஒரு பார்வை, சேரிக்கு ஒரு பார்வை.

ஹெராயின், டிரமடால், டேபன்டடால் எல்லாம் ஓபியாய்டு வகை. பழகிய உடலுக்கு அவை திடீரென நின்றால் உடம்பு முறுக்கும், வாந்தி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை வரும். பூட்டி வைத்தால் சில நாளில் இவை அடங்கும், ஏக்கம் அடங்காது. வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால், தாங்கும் சக்தி குறைந்துபோன உடலில் மூச்சே நின்றுவிடலாம். மருந்தில்லாமல் அடைத்து வைப்பதன் ஆபத்து இதுதான்.

இதற்கு மருந்து உண்டு. நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கும் புப்ரினார்பின், குடிக்கும் மெத்தடோன் இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005இல் அத்தியாவசிய மருந்துகளாக ஏற்றது. "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று நம் பெரியவர்களே கேட்கிறார்கள். இல்லை. மருத்துவர் அளந்து கொடுக்கும் மருந்து ஏக்கத்தை அடக்குகிறது. ஊசியைப் பகிர்வதும் அதனால் பரவும் எச்.ஐ.வி.யும் குறைகின்றன, ஆள் வேலைக்குப் போகிறான். சர்க்கரைக்குப் பல வருடம் மாத்திரை போடுபவரை நாம் அடிமை என்பதில்லையே!

சட்டமும் நம் பக்கமே. 2022ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் புப்ரினார்பின் இருக்கிறது. போதையால் வரும் மனநலப் பாதிப்பையும் உள்ளடக்கிய 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உரிய அரசு அறிவிக்கும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துகளைச் சமுதாய சுகாதார மையம் முதல் இலவசமாகத் தரச் சொல்கிறது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவோ, தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த சிகிச்சை பெறும் அடிமைக்கு, பயன்படுத்திய குற்றத்துக்கும் சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்கும் வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. நம் காலனிகளில் எத்தனை தாய்மாருக்கு இது தெரியும்?

விற்பவனைப் பிடிக்கட்டும். ஆனால் சிக்கியவனுக்கு மருந்து வேண்டும். அரசு மருத்துவமனைகளில் புப்ரினார்பின் தடையின்றிக் கிடைக்க வேண்டும். தினக்கூலிக்குப் போகிறவர் கூலியை இழக்காமல் வாங்க, காலை 6 மணிக்கே மருந்து கொடுக்க வேண்டும். பெண்களுக்குத் தனி நேரம் வேண்டும். அடுத்த கிராம சபையில் பட்டா, குடிநீர், சுடுகாட்டுப் பாதையோடு இதையும் தீர்மானமாக எழுத வைப்போம்.