பழி சுமக்க வேண்டியவர் யார்?

பழவேற்காடு ஏரிக்கரை மீனவக் கிராமங்களுக்கு அருகிலுள்ள ஆரம்பாக்கத்தில், 2025 ஜூலை 12 அன்று, பள்ளி விட்டுத் தனியே நடந்து சென்ற சிறுமி ஒருத்தி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். ஏறக்குறைய இரண்டு வாரத் தேடலுக்குப் பிறகே ஒருவன் கைது செய்யப்பட்டான். அதற்குள் கண்காணிப்புக் கேமராவில் பதிந்த காட்சி கைப்பேசிக்குக் கைப்பேசி தாவிவிட்டது. காவல்துறைக்குத் தேவைப்பட்டது அவன் முகம்; நாம் பரப்பியதோ அந்தக் குழந்தையையும் சேர்த்து!

பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடலாகாது என்பது 1983 முதல் நாட்டுச் சட்டம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் குழந்தைகளுக்கு அதே காப்பை அளிக்கிறது. சட்டம் இருக்கட்டும். ஒழுக்கமுள்ள பெண்கள்மீது சாட்சியின்றிப் பழி சுமத்துவோருக்குக் கசையடி விதித்த திருமறையை ஓதுகிற நாம், "அவள் ஏன் அங்கே போனாள்?" என்று திண்ணையில் அமர்ந்து கேட்கலாமா?

பெருமானார் (ஸல்) அவர்களின் காலத்தில், தொழுகைக்குப் புறப்பட்ட பெண்மணி ஒருவர் வழியிலே வன்கொடுமைக்குள்ளானார். அபூதாவூத், திர்மிதீ தொகுப்புகளில் அச்செய்தி இருக்கிறது. ஏன் வெளியே வந்தாய் என்று அண்ணலார் கேட்டதாக அதில் இல்லை. இறைவனின் மன்னிப்பைச் சொல்லி, நல்வார்த்தை கூறி அவரை அனுப்பினார்கள். பலவந்தப்படுத்தப்பட்டவள்மீது தண்டனை இல்லை என்றும், கொடுமை செய்தவன் அவளுக்கு மஹர் அளவு தர வேண்டும் என்றும் இமாம் மாலிக் (ரஹ்) தம் முவத்தாவில் எழுதினார்கள். "மானம் போயிற்று" என்கிறோமே, போனது யாருடைய மானம்?

சில ஊர்களில் பெரியவர்கள் கூடி, "அவனுக்கே நிக்காஹ் செய்து வைத்துவிடலாம்" என்று முடிப்பதுண்டு. கொடியவனின் வீட்டிலேயே அவளை அடைத்து வைப்பதற்குச் சமாதானம் என்று பெயரா? இத்தகைய வழக்குகளில் சமரசத்துக்கு இடமே இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2015 ஜூலையில் தெளிவாகக் கூறிவிட்டது. குழந்தைக்கு நேர்ந்த கொடுமையை அறிந்தும் தெரிவிக்காதிருப்பது போக்சோவின்படி குற்றமாகும்.

தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூனில் பதினெட்டுப் பழங்குடிப் பெண்கள் அரசு ஊழியர்களாலேயே சூறையாடப்பட்டார்கள். 2011-இல் கீழ்நீதிமன்றம் தண்டனை அளித்தது. மேல்முறையீடுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளியது 2023 செப்டம்பரில்தான். முப்பத்தோராண்டு! அப்பெண்கள் தளராது நின்றார்கள். மலைவாழ் மக்கள் சங்கத்தார் அவர்களோடு நின்றார்கள். துணை நிற்பது ஒரு நாள் அனுதாபமன்று.

ஆகவே தாய்மார்களே, மகள் வாய் திறந்தால் முதலில் நம்புங்கள். மருத்துவர் பார்க்குமுன் குளிப்பாட்டாதீர்கள். உடுத்திய உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். அரசு மருத்துவமனையோ தனியாரோ, இலவசமாகச் சிகிச்சை அளித்தே ஆக வேண்டும். சிறுமியானால் காவலர் சீருடையின்றி வர வேண்டும். வாக்குமூலத்தை வீட்டிலேயே, கூடியவரை பெண் அதிகாரியே பதிய வேண்டும். இரவில் அவளை நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேலை உண்டு. வழக்கு நாள்தோறும் கூலியை இழந்து நீதிமன்றம் போகும் ஏழைக் குடும்பத்தின் பேருந்துச் செலவைப் பைத்துல்மால் ஏற்கட்டும். உடன் போக ஒரு பெண்மணியையும் அமர்த்தட்டும். கணக்குப் புத்தகத்தில் அந்தக் குடும்பத்தின் பெயர் வேண்டாம்.