கால் மணி நேரத்தின் விலை

சென்னையிலிருந்து திண்டிவனம் செல்லும் ராஜபாட்டையில், மேல்மருவத்தூரைத் தாண்டியதும் அச்சிறுபாக்கம் என்னும் ஊர் வருகிறது. திரிபுரத்தை எரிக்கப் புறப்பட்ட சிவபெருமான், பிள்ளையாரை வணங்காமலே தேரை விரட்டிக்கொண்டு வந்தாராம். தேரின் அச்சு இந்த இடத்தில் முறிந்து போயிற்றாம். அச்சு இற்ற ஊரானபடியால் அச்சிறுபாக்கம் ஆயிற்று என்று ஸ்தல புராணம் சொல்லுகிறது. பரமசிவனுடைய அவசரத்துக்கே இந்தக் கதி நேர்ந்திருக்கும்போது, அதே சாலையில் நம்மவர்கள் மோட்டார் ஓட்டுகிற வேகத்தைப் பார்த்தால், அவர்கள் எல்லாரும் திரிபுரத்தைவிடப் பெரிய காரியம் ஒன்றை முடிக்கப் போகிறார்களோ என்று தோன்றுகிறது.

அவர்கள் அவசரத்தினால் அடையும் லாபம் எவ்வளவு என்று சிறிது கணக்குப் பார்ப்போம். தாம்பரத்திலிருந்து திண்டிவனம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு மணி நேரம்; 80 கிலோமீட்டரில் போனால் ஒன்றே கால் மணி. ஆக, மிச்சமாவது கால் மணி நேரம். பரனூர், ஆத்தூர் சுங்கச் சாவடிகள் இரண்டும் அதில் தங்களுடைய பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியைத் திண்டிவனத்தில் காப்பி ஆற்றுவதில் செலவிடலாம்.

இனி, இந்தக் கால் மணிக்கு நாம் கொடுக்கும் விலையைப் பார்ப்போம். விரித்த குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள். காற்று லேசாகத் தடுக்கும். பிறகு அப்படியே ஓடிப் பாருங்கள். குடை உங்களைப் பின்னால் தள்ளும். மோட்டாரும் விரித்த குடையைப் போலத்தான் காற்றைப் பிளந்துகொண்டு போகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நாலு மடங்காகிறது. 80-லிருந்து 100-க்கு ஏறும்போது வேகம் கால் பங்குதான் கூடுகிறது. காற்றின் தடையோ பாதிக்கு மேல், அதாவது நூற்றுக்கு 56 பங்கு கூடிவிடுகிறது. அந்தத் தடையைத் தள்ளுவதற்கு வேண்டிய பலம் பெட்ரோலிலிருந்துதான் வரவேண்டும்.

உதாரணமாக, 80 கிலோமீட்டர் வேகத்தில் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் போகும் ஒரு கார், 100-ல் 15 கிலோமீட்டர்தான் போகிறது என்று வைத்துக்கொள்வோம். திண்டிவனம் போய்ச் சேர்வதற்குள் ஒரு லிட்டருக்குச் சற்று மேலாகவே வீணாகிறது. மாதம் ஒரு தடவை ஊருக்குப் போய் வரும் குடும்பத்துக்கு இது வருஷத்தில் இருபத்தாறு லிட்டர். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி விற்கும் காலத்தில், இரண்டாயிரத்து அறுநூறு ரூபாயைக் காற்றுக்குத் தானம் செய்வது பெரிய தர்மந்தான்!

"ஒரு குடும்பத்தின் இருபத்தாறு லிட்டரால் தேசம் முழுகிப் போகுமா?" என்று சிலர் கேட்கலாம். முழுகாது. ஆனால் தேசம் என்பது இத்தகைய குடும்பங்களின் கூட்டந்தானே? நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளி நாடுகளிலிருந்து வருகிறது. திண்டிவனத்துச் சீமையிலும் எண்ணெய் உண்டு. ஆனால் அது கடலை எண்ணெய். அங்கே எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கு உண்டாக்கிய நிலக்கடலை ரகங்கள் ஊரின் பெயராலேயே டி.எம்.வி. என்று வழங்குகின்றன. 1900-ம் வருஷத்தில் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இயந்திரத்தைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள் என்பதும் உண்மையே. அதற்காக நமது வடைச் சட்டியைக் கவிழ்த்து மோட்டாரில் ஊற்ற முடியுமா? ஒரு காலத்தில் நம் பெரியோர் அன்னியத் துணியைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். நாம் அன்னிய எண்ணெயைத் தினந்தோறும் கொளுத்துகிறோம். அவர்கள் கொளுத்தியதால் இறக்குமதி குறைந்தது. நாம் கொளுத்துவதால் கூடுகிறது!

எண்ணெய் வராமற் போனால் என்ன ஆகும் என்பதற்கு வெகு தூரம் போகவேண்டியதில்லை. 2022-ம் வருஷத்தில் இலங்கையில் வாங்குவதற்கு அன்னியச் செலாவணி இல்லாமல் பெட்ரோல் கப்பல்கள் வருவது தடைப்பட்டது. ஜனங்கள் நாட்கணக்கில் வரிசையில் காத்து நின்றார்கள். பிறகு வண்டிக்கு இவ்வளவு என்று சர்க்கார் அளந்து கொடுத்தார்கள். கார் வைத்திருந்தவர்களும் சைக்கிளைத் தேடினார்கள். நம்முடைய தாத்தா பாட்டிமாரும் இப்படி ஒன்றைக் கண்டவர்களே. இரண்டாவது உலக யுத்த காலத்தில் இங்கே பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பஸ்கள் முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு கரி வாயுவில் ஓடின.

பணக்கார தேசமான அமெரிக்காவே ஒரு சமயம் நிதானத்தை நாடிற்று. 1973-ல் அராபிய தேசங்கள் எண்ணெயை நிறுத்தியதும், 1974 ஜனவரியில் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டருக்கு மேல் எந்தச் சாலையிலும் போகக்கூடாது என்று சட்டம் செய்தார்கள். எண்ணெய்ச் செலவு எதிர்பார்த்த அளவு குறையவில்லை. ஆனால் வேறொன்று குறைந்தது. 1973-ல் அமெரிக்கச் சாலைகளில் மாண்டவர்கள் சுமார் 54,000 பேர். 1974-ல் சுமார் 45,000 பேர். எண்ணெய்ப் பஞ்சத்தில் ஓட்டமே குறைந்ததும் ஒரு காரணந்தான். ஆனாலும் பெட்ரோலைச் சேமிக்கப் போனவர்கள் பிராணனையும் சேர்த்துச் சேமித்தார்கள் என்பதில் சந்தேகமில்லை.

இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. காற்றின் கணக்கு எதுவோ, மோதலின் கணக்கும் அதுவே. 80-க்குப் பதில் 100-ல் போகும் வண்டி மோதினால், அந்த மோதலின் பலமும் நூற்றுக்கு 56 பங்கு அதிகம். திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே ஓமந்தூர் போன்ற கிராமங்கள் இருக்கின்றன. பால் குடத்தோடு சைக்கிளில் வருகிறவரும், பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தைகளும், சொன்ன பேச்சுக் கேளாத ஆடு மாடுகளும் சாலையைக் கடந்துதான் ஆகவேண்டும். பெட்ரோல் வீணானால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். குழந்தையை எந்தக் கடையில் வாங்குவது? 2018-ல் மத்திய சர்க்கார் விரைவுச் சாலைகளில் கார்களுக்கு 120 கிலோமீட்டர் வரையில் அனுமதித்தார்கள். 2021-ல் சென்னை உயர் நீதி மன்றம், விபத்து நஷ்ட ஈட்டு வழக்கு ஒன்றில், அந்த அறிவிக்கையை ரத்துச் செய்தது. வேகத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பது நீதி மன்றங்களுக்குத் தெரிந்த அளவு மோட்டார்க் கம்பெனி விளம்பரங்களுக்குத் தெரிவதில்லை.

அப்படியானால் மாட்டு வண்டி போல் ஊர்ந்து போகவேண்டுமா என்றால், வேண்டாம். எரிபொருள் சிக்கனத்துக்கென்று 1978-ல் மத்திய சர்க்கார் ஏற்படுத்திய சங்கம் 45 முதல் 55 கிலோமீட்டர் வேகமே உத்தமம் என்று சொல்லி வந்திருக்கிறது. 80-ல் போவதைவிட 40 சதவிகிதம் வரை கூடுதல் தூரம் கிடைக்கும் என்பது அவர்கள் கூற்று. ஊர்ச் சாலைக்கு அது மிகவும் பொருத்தம். நான்கு வழி ராஜபாட்டையில், லாரிகளும் பஸ்களும் பின்னால் நெருக்கும்போது, வலது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு 50-ல் போவது சிக்கனம் ஆகாது, ஆபத்து ஆகும். இடது பக்கமாக 80-ல் நிதானமாகப் போகிறவர் எண்ணெயையும் காப்பாற்றுவார், எலும்பையும் காப்பாற்றுவார்.

இந்த வித்தையை யாரிடம் கற்கலாம் என்றால், அரசாங்க பஸ் டிரைவர்களிடம் கற்கலாம். விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்தின் பஸ்கள் அந்த ஜில்லா முழுவதும் ஓடுகின்றன. அங்கே டிப்போவில் டிரைவருக்கு டீசல் கணக்கு உண்டு. எத்தனை கிலோமீட்டர் ஓடினார், எத்தனை லிட்டர் பிடித்தது என்று வகுத்துப் பார்த்துவிடுவார்கள். ஆகவே கைதேர்ந்த டிரைவர் நிறுத்தம் கண்ணில் பட்டதுமே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறார். வண்டி தானாகவே வேகம் அடங்கி வந்து நிற்கிறது. நாமோ கடைசி வரை அமுக்கிவிட்டு, பிரேக்கின் மேல் ஏறி நிற்கிறோம். பிரேக்கில் சூடாகி வீணாவது நாம் காசு கொடுத்து வாங்கிய எண்ணெய்தான். டயரில் காற்றுக் குறைந்திருந்தாலும் அதே நஷ்டம். மின்சாரக் கார் வாங்கிவிட்டோம் என்று பெருமைப்படுகிறவர்களுக்கும் விலக்கு இல்லை; வேகம் கூடினால் அவர்களுடைய பாட்டரியும் சீக்கிரமே காலியாகும்.

பஸ்ஸைப் பற்றிப் பேசும்போது ஓமந்தூரை மறுபடி நினைக்கவேண்டியிருக்கிறது. தேசம் சுதந்திரம் அடைந்த அன்று சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாயிருந்த ஸ்ரீ ராமசாமி ரெட்டியார் அந்த ஊர்க்காரர், விவசாயி. அவர் காலத்தில்தான், 1947-ல், சென்னை நகரில் சர்க்கார் பஸ் 30 வண்டிகளோடு ஆரம்பமாயிற்று. எளிமைக்கும் நேர்மைக்கும் பேர் பெற்ற அவர் 1949-ல் பதவியை விட்டு இறங்கி, பின்னர் வடலூரில் போய்த் தொண்டு செய்து வாழ்ந்தார். பொதுச் சொத்தில் ஒரு காசும் வீணாகக்கூடாது என்று நினைத்த தலைமுறை அது.

எண்ணெயும் ஒருவகையில் பொதுச் சொத்துத்தான். பணம் நம் பையிலிருந்து போகலாம். அன்னியச் செலாவணி தேசத்தின் பையிலிருந்து போகிறது. அடுத்த தடவை ஊருக்குப் புறப்படும் நேயர்கள் வீட்டிலிருந்து கால் மணி முன்னதாகக் கிளம்பட்டும். அதைவிட மலிவாகப் பெட்ரோல் விற்கும் கடை இந்த ராஜபாட்டையில் எங்கும் கிடையாது.