முற்றத்துக்கு மேலே என்ன?



புதுச்சேரிக்குப் போனால் கடற்கரைப் பக்கத்து மஞ்சள் சுவர்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். இந்த முறை பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே போங்கள். வைசியாள் வீதி, பெருமாள் கோயில் வீதிப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் கட்டி வாழ்ந்த பழைய வீடுகள் இருக்கின்றன. கீழ்த்தளத்தில் திண்ணை, முற்றம், மரத்தூண். மாடியிலோ வளைவு வைத்த ஜன்னல்களும் பிரெஞ்சு பாணிச் சுதை வேலையும். வேட்டிக்கு மேல் கோட்டுப் போட்ட அந்தக் காலத்துப் பெரியவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்!

வாசலைக் கொஞ்சம் நின்று பாருங்கள். தெருவை ஒட்டி, மரக்கால்கள் தாங்கும் ஓட்டுச் சார்ப்பு. அந்தத் தாழ்வாரம் வழிப்போக்கருக்கு. அதற்கு உள்ளே இருக்கும் திண்ணை, வீட்டைத் தேடி வந்தவருக்கு. அதையும் தாண்டினால்தான் கதவு.

இந்த வீடுகளில் சில இன்று விடுதிகள், கடைகள். பெருமாள் கோயில் வீதியின் 'மேசோன் பெருமாள்' அப்படி விடுதியான வீடுதான். வைசியாள் வீதியின் முகப்புகளைச் சீரமைத்த பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருதும் கிடைத்தது. பிள்ளைகள் வெளியூரில், பாகப்பிரிவினை கோர்ட்டில் என்று பூட்டிக் கிடந்து இடிவதைவிட, வியாபாரத்துக்கு விடுவது எவ்வளவோ மேல். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் எப்படி மாற்றுகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சூடான காற்று முற்றத்தின் வழியே மேலேறிப் போக, வாசல் வழியே புதுக்காற்று உள்ளே வரும். அப்படித்தான் அந்த வீடு மூச்சு விடுகிறது. ஏசி போட வேண்டும் என்று முற்றத்தின் மேல் பிளாஸ்டிக் ஷீட்டை அடித்தால், வெயில் மட்டும் உள்ளே வரும், சூடு வெளியே போகாது. பிறகு அந்தச் சூட்டுக்கும் சேர்த்து ஏசி ஓட வேண்டும்! சுவரும் அப்படித்தான். சுண்ணாம்புக் காரை, தரையிலிருந்து ஏறும் ஓதத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நிற்கும். உப்புப் பூத்து, அடிப்பக்கம் பொருக்குப் பொருக்காகப் பெயரும். திறந்த நாளில் பளபளப்பாகத்தான் இருக்கும், பார்க்க வேண்டியது இரண்டு மழைக்காலம் கழித்து.

திண்ணையில் யாரும் உட்காராதபடி பூந்தொட்டிகளை வரிசையாக அடுக்குகிறவர்களும் உண்டு. அதற்குத் திண்ணை எதற்கு?

உங்கள் ஊரிலும் கடையாகவோ ஹோட்டலாகவோ மாறிய பழைய வீடு இருக்கும். அடுத்த முறை காபி சொல்லிவிட்டு ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். முற்றம் திறந்திருக்கிறதா, மூடிவிட்டார்களா என்று ஒரு படத்தோடு எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்