புயல் செய்தி படகுக்குப் போய்ச் சேர வேண்டும்!

காற்றுக்கு வேலி கிடையாது. எங்கோ ஒரு கடலில் பிறக்கிறது. எங்கோ ஓர் ஊரில் கூரையைப் பிய்த்து எறிகிறது.

கோட்டாறு மக்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம். 2017-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி அவர்களே கண்ணால் பார்த்தார்கள். அன்றுதான் "ஒக்கி" புயல் கன்னியாகுமரி மாவட்டத்தை உலுக்கியது.

"ஒக்கி" என்பது வங்காளச் சொல். "கண்" என்று பொருள். இந்தப் பக்கத்துக் கடல்களில் உண்டாகும் புயல்களுக்கு, சுற்றியுள்ள நாடுகள் முறை வைத்துப் பெயர் கொடுக்கின்றன. இந்தப் பெயரைக் கொடுத்தது வங்காள தேசம்.

ஒரே நாளில் புயல்!

கடல் நீர் சூடேறினால் நீராவி மேலே எழும்புகிறது. அந்த இடத்தை நிரப்ப நாலா பக்கமும் இருந்து காற்று ஓடி வருகிறது. வந்த காற்று சுழலத் தொடங்குகிறது. அதுவே வளர்ந்து புயல் ஆகிறது.

இதற்குப் பெரும்பாலும் சில நாட்கள் பிடிக்கும். ஆனால் "ஒக்கி" அவகாசம் கொடுக்கவில்லை. நவம்பர் 29-ந் தேதி காலையில் அது இலங்கையை ஒட்டிய கடலில் தாழ்வு மண்டலமாக இருந்தது. மறுநாள் காலையில் குமரிக் கடலில் புயலாக மாறிவிட்டது!

அது கன்னியாகுமரியில் கரை ஏறவில்லை. தெற்கே கடல் வழியாகவே போயிற்று. அதற்கே மரங்கள் வேரோடு சாய்ந்தன. மின் கம்பங்கள் முறிந்தன. பல ஊர்கள் நாள் கணக்கில் இருளில் கிடந்தன.

வாழைத் தோட்டங்கள் படுத்துவிட்டன. ரப்பர் மரங்கள் முறிந்து விழுந்தன. வாழை மறு வருஷம் குலை தள்ளும். கோட்டாறு கம்போளத்துக்கு ஏத்தன் குலை மீண்டும் வந்து சேரும். ரப்பர் கன்று பால் தர 7 ஆண்டுகள் ஆகும்.

திரும்பாதவர்கள்

மரம் போனால் மரம் வைக்கலாம். மனிதன் போனால்?

தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலிய கடற்கரை ஊர்களின் மீனவர்கள் ஆழ்கடலில் மீன் பிடிப்பவர்கள். ஒரு முறை போனால் பல நாட்கள் கழித்துத்தான் திரும்புவார்கள். புயல் எச்சரிக்கை கரையில் ஒலித்தபோது, அவர்களில் பலர் நடுக்கடலில் இருந்தார்கள். கரையில் பேசும் செல்போன் அங்கே பேசாது.

சில படகுகள் லட்சத்தீவில் ஒதுங்கின. சில மராட்டியக் கரை வரை போய்ப் பிழைத்தன. பல படகுகள் திரும்பவே இல்லை. தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் சேர்த்து 200-க்கும் மேற்பட்ட மீனவர்கள் இறந்தார்கள், அல்லது காணாமல் போனார்கள்.

"தேடுங்கள்!" என்று கேட்டு, டிசம்பர் 7-ந் தேதி ஆயிரக்கணக்கான மக்கள் குழித்துறையில் ரெயிலை மறித்தார்கள்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

1970-ம் ஆண்டு நவம்பரில், அன்றைய கிழக்கு பாகிஸ்தானைப் புயல் தாக்கியது. 3 லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். அதே மண் பின்னர் வங்காள தேசம் ஆனது. அங்கே கரையோரம் புயல் காப்பகங்கள் எழுந்தன. தொண்டர்கள் கொடி ஏற்றியும், ஒலிபெருக்கியில் கூவியும் கிராமம் கிராமமாகச் செய்தி சொன்னார்கள். பிறகும் பெரும் புயல்கள் வந்தன. ஆனால் சாவு பல மடங்கு குறைந்தது.

ஒடிசாவிலும் அப்படியே. 1999-ம் ஆண்டுப் புயலில் சுமார் 10 ஆயிரம் பேர் இறந்தார்கள். 2013-ல் "பைலின்" புயல் வருமுன் சுமார் 10 லட்சம் பேரை அப்புறப்படுத்தினார்கள். இறந்தவர்கள் 50-க்கும் குறைவு.

இரண்டு இடத்திலும் காற்றின் வேகம் குறையவில்லை. செய்தியின் வேகம் கூடியது!

இனி வேண்டியது

கரையில் இருப்பவனை லாரி ஏற்றிக் காப்பாற்றலாம். கடலில் இருப்பவனுக்குச் செய்தி ஒன்றுதான் துணை. செயற்கைக்கோள் வழியாக நடுக்கடலில் எச்சரிக்கையைப் பெறும் "ஜெமினி" கருவியை மத்திய அரசு 2019-ல் வெளியிட்டது. நல்ல காரியம். கருவி பெட்டிக்குள் தூங்கக் கூடாது. அது பழுதில்லாமல் இருக்கிறதா என்று புறப்படும் முன் பார்க்க வேண்டும். படகில் போகிறவர் யார், எவர் என்ற பட்டியல் கரையில் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. டீசலும் ஐஸும் கடனில் வாங்கிப் போனவன், வெறும் படகோடு திரும்பத் தயங்குவான். எச்சரிக்கை கேட்டுத் திரும்புகிறவனுக்கு அந்த நஷ்டத்தில் அரசு கை கொடுக்க வேண்டும். உயிரை விட டீசல் பெரிதல்ல!

அடுத்த புயலுக்கும் ஏதோ ஒரு நாடு பெயர் வைத்திருக்கிறது. அது வரும்போது, செய்தி கிடைக்காத படகு ஒன்று கூட இருக்கக் கூடாது.